ஐம்பதுக்கு ஐம்பது

தன் நாற்பத்தொரு வயதுக்குள் எத்தனை பேரைக் கொன்றிருப்போம் என்று சென்னியப்பன் ஒருநாள் பொழுதுபோகாமல் பெருக்கிப் பார்த்தார். கால்குலேட்டரில் இடம் போதவில்லை. இத்தனைக்கும், தீபாவளிக்கு ஊசிவெடி கொளுத்துவதென்றால்கூட ஊதுபத்தியை ஒரு முழக் குச்சியில் கட்டிக்கொண்டு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு போகிற மனிதர் அவர்.

கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல், மூன்றாவது மாடியில், 'நான்காம் பள்ளத்தாக்கு' என்ற போர் விளையாட்டைச் செய்கிற கம்பெனி இருந்தது. அதில் அவருக்குச் சமநிலை பார்க்கும் வேலை. காலாட்படைக் குழு என்றால் ஆறு பேர். அவர்களுக்குத் துணையாக ஒரு பக்கத்துக்கு மெஷின் கன். மறுபக்கத்துக்கு, குழாய்க்குள் குண்டைப் போட்டால் வானத்தில் எழுந்து எதிரி தலையில் இறங்கும் மோர்ட்டார். எது எத்தனை பேரைக் கொல்லலாம், எத்தனை நொடிக்கு ஒருமுறை கொல்லலாம் என்று எண்களைத் தீர்மானிப்பது சென்னியப்பன். மெஷின் கன்னை ஏற்றினால் காலாட்படை வைத்து ஆடுகிறவர்கள் அவருடைய அம்மாவைத் திட்டுவார்கள். இறக்கினால் மெஷின் கன்காரர்கள் அப்பாவைத் திட்டுவார்கள். இருவரும் சரிசமமாகத் திட்டினால் சமநிலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வார். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் தன் விரல் செய்த காரியத்தைப் பார்த்தார். போன வாரம் மோர்ட்டாரின் பலத்தை எண்பதிலிருந்து எழுபத்தெட்டாகக் குறைக்கப் போனவர், வெறும் எட்டு என்று அடித்துவைத்திருந்தார். ஐந்து நாளாகப் பள்ளத்தாக்கில் மோர்ட்டார் குண்டு தென்னங்குரும்பை விழுந்த அளவுக்குத்தான் வலித்திருக்கும்.

வழக்கமாக அவர் இதை யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். ஆனால் அறிக்கைத் தாளைத் திறந்தபோது அதில் வெற்றி விகிதம் ஐம்பதுக்கு ஐம்பது என்று இருந்தது. முந்தின வாரமும் அதேதான். அதற்கு முந்தின வாரமும். தராசில் ஒரு பக்கத்துக் கல்லை எடுத்த பிறகும் முள் ஆடவில்லை என்றால், முள்ளை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

யார்?

அறிக்கையின் எண்களைத் தொடக்கூடியவர்கள் மூன்றே பேர். முதலாளி மேகநாதன், சென்னியப்பன், ஆட்டங்களை ஓட்டி அறிக்கை எடுக்கும் ரஹ்மத்நிஷா. அவள் கரும்புக்கடைப் பகுதிப் பெண், வயது இருபத்தாறு, வேலையில் கெட்டிக்காரி, சென்னியப்பனின் தவறுகளைச் சிரிக்காமல் சுட்டிக்காட்டுகிற ஒரே ஆள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் மேல் அவருக்கு மரியாதை, கொஞ்சம் பயம்.

மேகநாதனிடம் சொன்னார். தன் விரல் செய்ததை மட்டும் சொல்லாமல் விட்டார். மேகநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வருகிறார்கள். விளையாட்டில் சிப்பாய்களை இயக்கும் 'குழுமூளை'யை மட்டும் தனியாக வாங்கப் போகிறார்கள். அதன் சமநிலைச் சான்றில் சென்னியப்பன்தான் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நேரத்தில் எண்களில் தில்லுமுல்லு என்றால் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்றார்.

"யாருன்னு நான் சொல்லோணுமுங்களா? ரிப்போர்ட் எடுக்கறது அந்தப் புள்ள. வெள்ளிக்கிழமைக்குள்ள பேரை எழுதிக் குடுத்துருங்க சென்னி. மீதியை நான் பாத்துக்கறேன்."

மீதி என்றால் என்ன என்று சென்னியப்பனுக்குத் தெரியும். இந்த ஊரில் விளையாட்டு செய்கிற கம்பெனிகள் மொத்தம் நான்கு. நான்கு முதலாளிகளும் ஞாயிற்றுக்கிழமை ஒரே கோர்ட்டில் பேட்மிண்டன் ஆடுகிறவர்கள். ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான்கு கதவும் சாத்திக்கொள்ளும்.

சென்னியப்பன் வேவு பார்க்கத் தொடங்கினார். அதில் அவருக்கு முன்னனுபவம் இல்லை. டிபன் பாக்ஸ் மூடியைத் துடைத்து மேஜைமேல் சாய்த்துவைத்து, பின்னால் உட்கார்ந்திருந்த நிஷாவின் திரையை அதில் பார்த்தார். அரைமணி நேரம் பார்த்ததில் ரசம் சிந்திய கறை ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் எல்லார் மேலும் ஏறி இறங்கும். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் மேலும் ஏறியது.

அவர் பெயர் பரஞ்சோதி. வேலூர்ப் பக்கம். காலாட்படையில் இருபத்துநான்கு வருடம் இருந்து சுபேதாராக ஓய்வுபெற்றவர். வாடிக்கையாளர் தங்கள் ஆலோசகர் என்று சொல்லி அனுப்பிவைத்திருந்தார்கள். ஒரு வாரமாக ஒரு திரையின் முன்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்து ஆட்டங்களைப் பார்ப்பார். எப்போதாவது சின்ன நோட்டில் ஏதோ எழுதுவார். யாராவது எட்டிப்பார்த்தால் மூடிவிடுவார். அவர் உளவாளி என்று சென்னியப்பன் முதல் நாளே முடிவு செய்திருந்தார். யாருக்கு உளவாளி என்பதுதான் பிடிபடவில்லை.

புதன்கிழமை மதியம் பின்னாலிருந்து நிஷாவின் குரல் வந்தது.

"அண்ணா, அந்த மூடியில உங்க மூஞ்சியும் எனக்குத் தெரியுதுங்கண்ணா."

சென்னியப்பன் மூடியைப் படுக்கவைத்தார். அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கோபமாக இல்லை, அதுதான் அவரை என்னவோ செய்தது. முதலாளி தன்னைச் சந்தேகப்படுகிறார் என்பது காலையிலேயே தெரியும், தன் கடவுச்சொல்லை இரண்டு தடவை கேட்டார் என்றாள். "அவர் சந்தேகப்பட்டா பரவால்லைங்கண்ணா. நீங்களுமா?"

அவர் அறிக்கையைக் காட்டினார். எட்டு என்று அடித்த கதையையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. எண்ணைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்: கடைசியாக ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்தது எப்போது?

சென்னியப்பன் யோசித்தார். ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் ஆட்டங்கள் ஓடுகின்றன. குழுமூளை தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொள்ளும் ஆட்டங்கள். அவற்றைப் பார்க்க யாருக்கு நேரம்? தாளில் விகிதம் வரும், அதைப் பார்த்தால் போதும் என்பதுதான் இந்த ஆபீஸில் வழக்கம். அவர் கடைசியாக ஒன்றை உட்கார்ந்து பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் பார்த்ததே இல்லை.

ஒன்றைத் திறந்தார்கள். ஓடை, இந்தக் கரையில் பச்சை, அந்தக் கரையில் நீலம், நடுவில் இடிந்த அரிசி ஆலை, பக்கத்தில் குட்டை. முதலில் பார்த்தால் அமளியான போர்தான். புகை, சத்தம், ஓட்டம். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பச்சையின் மோர்ட்டார் மூன்று குண்டு போட்டது. மூன்றும் குட்டையில் விழுந்தன. அடுத்த நான்காவது நிமிடத்தில் மறுபடி மூன்று, மறுபடி குட்டை. ஒவ்வொரு முறையும் குண்டு வருவதற்குச் சற்று முன்னால் குட்டைக்கரையில் இருந்த நீலக் குழு எழுந்து ஆலைக்குள் போய்விட்டு, முடிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. நீலத்தின் மெஷின் கன் விடாமல் சுட்டது, பனைமர உச்சிகளை.

"குறி பாக்கறதுல ஏதோ கோளாறுங்கண்ணா" என்றாள் நிஷா.

அப்போது பச்சைக் குழு ஒன்று ஓடையின் நடுவில் மாட்டிக்கொண்டது. மறைய ஒரு பாறைகூட இல்லை. ஆறு பேர், எதிரே நாற்பதடியில் மெஷின் கன். சுட்டால் மூன்று நொடி வேலை. மெஷின் கன் நின்றது. அதன் ஆட்கள் தோட்டா பெல்ட்டைக் கழற்றி வேறு பெல்ட் மாட்டத் தொடங்கினார்கள். சாவகாசமாக மாட்டினார்கள். ஆறு பேரும் கரையேறி மறைந்த பிறகு சுடத் தொடங்கினார்கள்.

சென்னியப்பனுக்குப் பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் மறந்துபோனாலும் இந்த எண்கள் மறக்காது. பெல்ட்டுக்கு இருநூறு தோட்டா. அதுவரை சுட்டது தொண்ணூறு. பெல்ட் மாற்ற எந்த அவசியமும் இல்லை.

நாற்பது நிமிடத்தில் ஆட்டம் டிராவில் முடிந்தது. இந்தப் பக்கம் செத்தவர்கள் யாருமில்லை. அந்தப் பக்கமும் யாருமில்லை. தாளில் வெற்றி விகிதம் ஐம்பதுக்கு ஐம்பது என்றும், இழப்பு விகிதம் என்ற கட்டத்தில் 'சமம்' என்றும் விழுந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்றாலும் தாள் அப்படித்தான் காட்டும். அந்தக் கட்டத்தை வடிவமைத்தது யார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் தெரியும்.

"எண்ணை யாரும் மாத்தலை. இதுகளுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று நிஷா எழுந்தாள்.

யாரென்று கண்டுபிடிக்க மாலைவரை ஆனது. குழுமூளைக்குக் கற்றுக்கொடுப்பது என்றால் மதிப்பெண் போடுவது. ஜெயித்தால் இத்தனை, கொடியைப் பிடித்தால் இத்தனை. மூளை ஆடி ஆடி, எது செய்தால் மதிப்பெண் ஏறுகிறதோ அதைப் பழகிக்கொள்ளும். நூற்றுப்பத்து விதிகளையும் நிஷா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து எண்பத்தேழாவதில் நின்றாள். ஆட்டம் இழுபறியாக முடிந்தால் இரண்டு பக்கத்துக்கும் கூடுதல் மதிப்பெண். எழுதி மூன்று வருடம். பக்கத்தில் குறிப்பு: 'விறுவிறுப்பு கூட.' அதன் பக்கத்தில் எழுதியவர் பெயர்.

சென்னியப்பன் தன் பெயரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாபகம் வந்தது. ஒருதலைப்பட்சமாகப் போகும் ஆட்டம் யாருக்கும் பிடிப்பதில்லை, கடைசிவரை இழுத்துப்பிடிக்கிற ஆட்டம்தான் பிடிக்கிறது என்று மேகநாதன் புலம்பினார். கீழே பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அடித்த வரி. சமநிலை பார்க்கிற ஆளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வரி. ஜெயிப்பதைவிடச் சமமாக இருப்பது மேல் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். நிச்சயமாகச் சமமாக இருக்க ஒரே வழி யாரும் யாரையும் கொல்லாமல் இருப்பதுதான் என்று அவை கண்டுபிடித்துக்கொண்டன. சண்டை போடுகிற மாதிரி சத்தம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டன, ஏனென்றால் சுட்ட குண்டுகளுக்கும் மதிப்பெண் உண்டு. அதுவும் அவர் போட்ட விதிதான்.

"குற்றவாளியைப் பிடிச்சாச்சுங்கண்ணா" என்றாள் நிஷா. இந்தமுறை சிரித்தாள்.

அவருக்கும் அப்பாடா என்றிருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு, மேகநாதனிடம் வழிந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிடலாம். மூளையின் ஒரு நகலை எடுத்து, எண்பத்தேழாவது விதியை அழித்து, புதிதாகக் கற்றுக்கொள்ள விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

வியாழன் மதியம் அது கற்று முடித்திருந்தது. அதே ஓடை, அதே ஆலை. பதினோரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. பெல்ட்டை ஒருமுறைகூட வெறுமனே மாற்றவில்லை. மோர்ட்டார் ஒருவனைக் காயப்படுத்திவிட்டுக் காத்திருந்தது. அவனைத் தூக்க இருவர் வந்ததும் மறுபடி போட்டது. அப்புறம் மேலும் இருவருக்காகக் காத்திருந்தது. அதை யாரும் சொல்லித்தரவில்லை. மதிப்பெண் எங்கே கிடைக்கும் என்று அதற்கே தெரிந்துவிட்டது.

நிஷா திரையை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வர நேரமானது. வந்ததும் ஒரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வாடிக்கையாளர் நிரப்பித் தரச்சொன்ன படிவம். பயிற்சிக்காக வாங்குகிறோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதில் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்று ஒரு கேள்வி. தரையிலிருந்து முழங்கால் எத்தனை சென்டிமீட்டர் என்று இன்னொன்று.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற சிப்பாய்க்கு எதுக்குங்கண்ணா பேட்டரி?"

இருவரும் படிவத்தையே பார்த்தார்கள். நடக்கிற துப்பாக்கிகளுக்குள் இந்த மூளை போகப்போகிறது. எந்தப் பள்ளத்தாக்குக்கு என்று படிவத்தில் இல்லை.

அப்புறம் அவள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். சென்னியப்பன் உண்மையைச் சொன்னால் அவள் தப்பித்தாள். ஆனால் அந்த வரியை அழித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் வரி பிழைத்துக்கொள்ளும். முதலாளிக்கு ஒரு பெயர் வேண்டும், அது அவள் பெயர். "எழுதுங்கன்னும் சொல்ல மாட்டேன், எழுதாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு இந்த வேலை வேணும். அதை மட்டும் சொல்லிட்டேன்" என்று தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணாடி அறையில் கூடினார்கள். வாடிக்கையாளர் தரப்பில் டை கட்டிய இருவர். அவர்களுக்குப் பக்கத்தில் நோட்டோடு சுபேதார். மேகநாதன் ஒரு வெள்ளைத்தாளைச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தினார். பெயர் எழுத வேண்டிய தாள். சென்னியப்பன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்ற முயன்று, அது மூடியில்லாத பேனா என்பதைக் கண்டுபிடித்து, அப்புறம் தன் பெயரை எழுதினார்.

"என்னங்க இது?" என்றார் மேகநாதன்.

"நான்தானுங்க. நம்பரை எல்லாம் நானே அடிச்சுட்டேன். தாளை யாரு உக்காந்து பாக்கறதுன்னு போன மாசம் வந்ததையே காப்பி பண்ணி ஒட்டிட்டு இருந்தேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. மாட்டிக்குவேன்னு பயந்து நானே வந்து உங்ககிட்ட கம்ப்ளைன்ட் பண்ணுனேன்."

அறையில் யாரும் வியப்படையவில்லை. பதினோரு வருடத்தில் சென்னியப்பன் சொன்ன எதையும் அந்தக் கம்பெனி இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. ஒருவராவது, சென்னியா, இருக்காதே என்று சொல்வார்கள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தார். மேகநாதன் வேலையை விட்டு நின்றுகொள்ளும்படி மட்டும் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே நிஷா தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு எழுத்தும் அடிக்காமல்.

டை கட்டியவர்களில் ஒருவர், அப்படியானால் மூளையில் குறை இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். விதி அழிக்காத பழைய மூளையை வைத்து நிஷா நேற்றுப் புதிதாக ஓட்டி எடுத்த அறிக்கையைச் சென்னியப்பன் நகர்த்தினார். ஐம்பதுக்கு ஐம்பது. தாள் பொய் சொல்லவில்லை. இருந்தும் மனிதர் தாளை நம்பாமல் சுபேதாரைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு நாளாக ஆட்டத்தைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபீஸே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். குட்டையைப் பார்த்திருக்கிறார். பனைமரத்தைப் பார்த்திருக்கிறார். பெல்ட் மாற்றுவதைப் பார்த்திருப்பார். நோட்டு நிறைய எழுதிவைத்திருக்கிறார். வேலையும் போய், வரியும் போகப்போகிறது.

பரஞ்சோதி நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அப்புறம் மூடினார்.

"நெசமான ஜவான்கள் எப்படி நடந்துக்குவாங்களோ, அப்படியேதான் நடந்துக்குது. நான் ஒண்ணும் மாத்தச் சொல்ல மாட்டேன்" என்றார். சான்றின் கீழே சென்னியப்பனுக்காக விட்டிருந்த இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது பின்னால் சீரான செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சென்னியப்பன் நின்றார். அட்டைப்பெட்டியில் அவருடைய பதினோரு வருடம் இருந்தது: ஒரு கப், ஒரு சார்ஜர், டிபன் பாக்ஸ். எதற்காக அப்படிச் சொன்னீர்கள், யாருக்காகச் சொன்னீர்கள் என்று பின்னால் வந்த சுபேதாரைக் கேட்டார். நம்பலாமா கூடாதா என்று இன்னும் அவருக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பது நம் மூளை இல்லையே, அவர்கள் உண்மையாகவே சுட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டார்.

"மிஷினத்தானே சுடுவாங்க, சுட்டுட்டுப் போகட்டும்" என்றார் பரஞ்சோதி. கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "எதிர்ப்பக்கம் ஆளு இருக்கான் சார். இது தன்னைக் கொல்லாதுன்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சுக்குவான். அப்புறம் அவனும் மேலதான் சுடுவான். எல்லையில நாங்க ரெண்டு மூணு வருஷம் அப்படித்தான் இருந்தோம்."

இருவர் படியேறி வர, ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் போனபிறகு சுபேதார் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு தப்பு பண்ணுது உங்க சாமான். ஒருத்தனுக்கும் அடிபட மாட்டேங்குது. மேல இருக்கறவன் எத்தினி நாளைக்கு நம்புவான்? நாங்க முறை வச்சிருந்தோம். மாசத்துக்கு ஒருத்தன் அடிபட்ட மாதிரி கால்ல பட்டி, அதான் துணிக்கட்டு, கட்டிக்கினு படுத்துக்குவான். அந்தப் பக்கத்திலயும் ஒருத்தன் படுத்திருப்பான், பைனாகுலர்ல தெரியும்."

"யாரும் கண்டுபிடிக்கலீங்களா?"

"என் முறை வந்தப்ப மூணாம் நாளு ஆபீசர் வந்தாரு. நான் தூக்கக் கலக்கத்துல பட்டிய வேற கால்ல மாத்திக் கட்டிட்டிருந்தேன். முந்தின நாளு இடது, அன்னிக்கு வலது. அவரு காலைப் பாத்தாரு, ரிப்போர்ட்டப் பாத்தாரு, மறுபடி காலைப் பாத்தாரு." பரஞ்சோதி நிறுத்தி, கீழ்ப்படியில் கால் வைத்தார். "அப்புறம் பேனாவ எடுத்து, இடதுன்னு இருந்ததை அடிச்சுட்டு வலதுன்னு திருத்தி எழுதிட்டுப் போயிட்டாரு."

சென்னியப்பன் அட்டைப்பெட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். நிஷா எடுப்பாளா என்று தெரியவில்லை. நான்கு தடவை மணி அடித்தது, ஐந்து தடவை. ஆறாவதில் எடுத்தாள்.

"நிஷா, நூத்திப்பதினொண்ணாவதா ஒரு விதி சேக்கோணும். எழுதிக்கறயா?"

மறுமுனையில் நாற்காலி உருளும் ஓசை கேட்டது.

"சொல்லுங்கண்ணா" என்றாள்.